சொன்னபடி பல் விளக்கிய புலி

ஒரு காட்டில் பல்லுள்ள விலங்குகள் ஏராளமாக இருந்தன. பல் விளக்குகிற விலங்குதான் ஒன்றும் இல்லை.

அந்தக் காட்டுக்கே ஒரே ஒரு பல் டாக்டர். பெயர் செண்பகவல்லி, இனம் சருகுமான். சருகுமானைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மான் என்று பெயர்தானே தவிர, உருவம் முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்தச் சின்ன உருவம் தொழிலுக்குத் தோதாக இருந்தது. காட்டெருமை வாயைத் திறந்தால் டாக்டரம்மா தலையை உள்ளே விட்டு, கடைசிக் கடைவாய்ப்பல் வரைக்கும் நேரில் பார்த்துவிட்டு வருவார். அப்பன், பிள்ளை, பேரப்பிள்ளை என்று எல்லாருடைய சொத்தையும் அவருக்கு அத்துப்படி. குடும்ப டாக்டர் என்றால் அப்படித்தானே இருக்கவேண்டும்.

மருதமரத்தடியில் கிளினிக். வெளியே கீரி நாகலிங்கம் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும், படிவம் நிரப்பும், உள்ளே போய்ப் பஞ்சும் எடுத்துக் கொடுக்கும். சுவரில் பெரிய பலகை. காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பல் விளக்குங்கள். பிரஷ்ஷைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள், கரிப்பிடித்த பானையைத் தேய்ப்பதுபோல் தேய்க்காதீர்கள். வலிக்கிற பல்லில் கிராம்பை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திரியாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வலி இல்லாவிட்டாலும் வாருங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் படிக்க வேறு ஒன்றும் இல்லாததால், எல்லா விலங்குகளும் அதை மனப்பாடமாகப் படித்திருந்தன. மனப்பாடம் செய்த விஷயத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழக்கம் அந்தக் காட்டில் இல்லை.

உதாரணத்துக்குக் கரடி பொன்னுரங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். காட்டு விலங்குகள் நலச்சங்கத்தின் தலைவர். கன்னம் வீங்கினால்தான் கிளினிக் பக்கம் தலை காட்டுவார்.

"இனிப்பைக் குறைச்சீங்களா?" என்று டாக்டரம்மா கேட்பார்.

"சுத்தமா விட்டுட்டேன் டாக்டரம்மா. இப்பல்லாம் தேன் மட்டும்தான்."

"ராத்திரி பல் விளக்குறீங்களா?"

"காலையில விளக்குறேனே. அதுலயே ராத்திரிக்கும் சேத்து விளக்கிடுறேன்."

"அந்தச் சொத்தையை அடைச்சிடலாம்னு போன வருஷமே சொன்னேன்."

"அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன்."

அடுத்த வாரம் வராது. அடுத்த வீக்கம்தான் வரும். பதினோரு வருஷமாக டாக்டரம்மா தொண்டை வறளச் சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள், பாக்கை அதக்கிக்கொண்டு படுத்தார்கள். மாலையில் கருவிகளைக் கழுவும்போது டாக்டரம்மா நாகலிங்கத்திடம் புலம்புவார்.

"ஒருத்தர். ஒரே ஒருத்தர் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டா போதும் நாகலிங்கம். இந்தத் தொழிலுக்கு வந்ததுக்கு ஒரு அர்த்தம் கிடைச்ச மாதிரி இருக்கும்."

இதற்கிடையில் காட்டுப் புலிக்குப் பல்வலி வந்தது.

முள்ளம்பன்றியைக் கடித்ததில் வந்த வினை. இடது பக்கம் மேலே இருக்கும் கோரைப்பல்லில் விரிசல் விட்டு, உள்ளே அழுகி, கன்னம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. கடிக்க முடியவில்லை, மெல்ல முடியவில்லை. ஓடைத் தவளைகளை மாத்திரை போல விழுங்கிப் பொழுதை ஓட்டியது. காடு நிம்மதியாக இருந்தது. மான்கள் புலிக் குகை வாசலிலேயே மேய்ந்தன. இந்த அமைதி தங்களுடைய விடாமுயற்சியால் வந்தது என்று நலச்சங்கம் நம்பியது. 'உயிர்ப்பலி இல்லாத நூறாவது நாள்' என்று பேனர் கட்டி, பொன்னுரங்கம் பேசி, எல்லாருக்கும் தேன் வழங்கப்பட்டது.

நூற்றோராவது நாள் புலியிடம் ஒரு முயல் சிக்கியது. முயல்கள் புத்திசாலிகள் என்று நாம் சின்ன வயதிலிருந்தே படித்து வருகிறோம். இதுவும் புத்திசாலிதான். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு அரை நொடி போதுமானதாக இருந்தது.

"அய்யா, என்னை முழுங்கினா வலி போகுமா? வலி போற இடம் எனக்குத் தெரியும். அட்ரஸ் தர்றேன், விட்டுடுங்க."

இப்படியாக முயல் பிழைத்தது. காட்டின் மற்ற ஜீவராசிகளைப் பற்றி யோசிக்க அதற்கு நேரமில்லை. அரை நொடியில் எவ்வளவுதான் யோசிக்க முடியும்?

புலி கிளினிக்குக்கு வந்தபோது பதிமூன்று பேர் காத்திருந்தார்கள். நாகலிங்கம் பதினாலாம் நம்பர் டோக்கனை நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பதிமூன்று பேரையும் காணவில்லை.

"உங்க முறைதான் அய்யா," என்றது நாகலிங்கம். ஆனாலும் முறை முறைதானே. படிவத்தை எடுத்தது. "சுகர், பிரஷர் ஏதாவது?"

"இல்லை."

"சைவமா, அசைவமா?"

புலி நாகலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தது. நாகலிங்கம் தானாகவே ஒரு கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டது. கடைசியில், சிகிச்சையால் ஏற்படும் விளைவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்ற இடத்தில் புலி கால்ரேகை வைத்தது. உண்மையில் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டியவர் டாக்டர்.

உள்ளே, புலி வாயைத் திறந்தது. டாக்டரம்மா ஒரு நிமிடம் நின்றார். பிறகு வழக்கம்போலத் தலையை உள்ளே விட்டார்.

வாயா அது? பதினோரு வருஷத்தில் பல்மேல் அப்படி ஒரு காரை படிந்து அவர் பார்த்ததில்லை. கீழ்க் கடைவாய்ப்பற்களின் இடுக்கில் ஏதோ கறுப்பாக மாட்டியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சின்னக் குளம்பு. ஓரத்தில் ஒரு பழைய வெட்டு. போன வருஷம் மேயப் போய்த் திரும்பாத தன் அக்கா வீட்டுக்காரருடைய குளம்பு அது. டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"இடுக்குல மாட்டினதை இப்படி வருஷக்கணக்கா விடக்கூடாது. தினமும் நூல் விட்டு எடுத்துடணும்."

எனக்கு இந்த அம்மாமேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஆனால் கதையைத் தொடர்கிறேன்.

"பல்லைப் பிடுங்கணுமா?" என்று புலி நடுங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தது. "மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்னு எங்க சித்தப்பா சொல்வார். அதான் இத்தனை நாளா வரலை."

பஞ்சு எடுக்க உள்ளே வந்திருந்த நாகலிங்கத்துக்கு உயிர் வந்தது. இதுதான் சமயம். 'ஆமாம், போயிடும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புலி எழுந்து ஓடிவிடும், பல் அழுகும், காடு பிழைக்கும்.

"அதெல்லாம் மூடநம்பிக்கை," என்றார் டாக்டரம்மா. "பல் நரம்பு வேற, கண் நரம்பு வேற. இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

"அப்படியா? அப்ப சரி," என்று புலி தைரியம் அடைந்தது. "பிடுங்கிடுங்க. மத்ததும் வலிக்கிற மாதிரிதான் இருக்கு. எல்லாத்தையும் பிடுங்கிடுங்க."

நாகலிங்கத்துக்கு இன்னொரு முறை உயிர் வந்தது. டாக்டரம்மாவின் காதில் கிசுகிசுத்தது: "அவரே கேக்குறாரு. பிடுங்கிடுங்கம்மா. காடே உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்."

"காப்பாத்தக்கூடிய பல்லைப் பிடுங்குறது தப்பு நாகலிங்கம்," என்று டாக்டரம்மா சத்தமாகவே சொன்னார். "இது ரூட் கெனால் கேஸ். மூணு தடவை வரணும். மேலே ஒரு கேப் போட்டுட்டா இன்னும் இருபது வருஷம் உழைக்கும்."

மரத்துப்போகும் ஊசி போட்டார். புலியின் வாய் ஒன்றரை மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு இனமே பிழைத்திருக்கலாம். டாக்டரம்மா அதைக் காரை எடுக்கப் பயன்படுத்தினார்.

செய்தி கேட்டுப் பொன்னுரங்கம் கிளினிக்குக்குப் பாய்ந்து வந்தார்.

"ஏம்மா பிடுங்கலை?"

"காப்பாத்தக்கூடிய பல்லு."

"அந்தப் பல்லுகிட்டேருந்து எங்களை யாரு காப்பாத்துறது?"

"உங்க சொத்தை என்ன ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

பொன்னுரங்கம் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புலி மூன்று தடவையும் குறித்த நேரத்துக்கு வந்தது. அது மட்டுமல்ல, பலகையில் இருந்ததை எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் குகைச் சுவரில் ஒட்டியது. காலையில் இரண்டு நிமிடம், இரவு இரண்டு நிமிடம். சின்னச் சின்ன வட்டம். தினமும் நூல். ஆறாவது மாதம் அது பரிசோதனைக்கு வந்து வாயைத் திறந்தபோது டாக்டரம்மா தழுதழுத்துவிட்டார். ஈறு ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. கிளினிக் சுவரில் 'சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்' என்று புலியின் வாயைப் பெரிதாகப் படம் எடுத்து மாட்டினார்.

"பாத்தியா நாகலிங்கம்? கேக்க ஒருத்தர் வந்துட்டார்."

"பாத்தேம்மா," என்றது நாகலிங்கம். அது பார்த்துக்கொண்டிருந்தது டோக்கன் கட்டை. முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் முப்பது தீரும். இப்போது மாலை வரை ஐந்து. மான் கூட்டம் வருவதில்லை. காட்டெருமைகள் ஊரை விட்டே போய்விட்டன. நிறையப் பேரின் அட்டைகளில் 'அடுத்த வருகை' என்ற கட்டம் காலியாகவே கிடந்தது.

"நோயாளிங்க குறைஞ்சிட்டாங்கன்னா விழிப்புணர்வு வந்திருச்சுன்னு அர்த்தம்," என்றார் டாக்டரம்மா.

எல்லாவற்றிலும் கொடுமை பொன்னுரங்கத்தின் கதை. அந்தப் படத்தைப் பார்த்து அவருக்கே ரோஷம் வந்து, தேனை நிறுத்தி, பிரஷ் வாங்கி, பிறந்ததிலிருந்து முதல்முறையாக வலியே இல்லாமல் பரிசோதனைக்குக் கிளம்பினார். பாதி வழியில், கிளினிக்கில் பல்லிடுக்கு நூல் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்த புலி எதிரே வந்தது.

அவருடைய அட்டையை நாகலிங்கம் எடுத்துப் பார்த்தது. 'அடுத்த வாரம்' என்று பதினோரு முறை எழுதியிருந்தது. அன்றைக்கு அது அழுதது. கரடி தனக்கு உறவில்லை, சிநேகிதமும் இல்லை. ஆனால் கிளம்பி வந்தாரே.

மறுபடி ஆறு மாதம் போனது. பரிசோதனை நாளன்று புலி சரியாகப் பத்து மணிக்கு வந்தது. காத்திருக்கும் இடத்தில் ஒருவரும் இல்லை. நாகலிங்கம் டோக்கனை நாற்காலியில் வைத்துவிட்டு மருதமரத்தின் உச்சிக்கிளைக்கு ஏறிவிட்டது. அது போகும்போது, "அம்மா, இன்னிக்கு நீங்களும் மேல வந்துடுங்க," என்று கூப்பிட்டது.

"அப்பாயின்ட்மென்ட் கொடுத்தாச்சு நாகலிங்கம்," என்றார் டாக்டரம்மா. "தேதி தவறாம வர்ற ஒரே நோயாளி. நான் தவறலாமா?"

புலி வாயைத் திறந்தது. டாக்டரம்மா தலையை உள்ளே விட்டார். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். ரூட் கெனால் செய்த பல் பாறை மாதிரி நின்றது.

"அற்புதம்," என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "ஒரு சொத்தை இல்லை. ஒரு துளி காரை இல்லை. இடுக்குல ஒண்ணும் மாட்டலை. உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு டாக்டர்," என்றது புலி, வாயைத் திறந்தபடியே. "சாப்பிட்ட உடனே பல் விளக்கலாமா?"

டாக்டரம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பதினோரு, இல்லை, பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"நல்ல கேள்வி. உடனே விளக்கக் கூடாது. வாயைக் கொப்புளிச்சிட்டு, அரை மணி நேரம் பொறுத்து விளக்கணும்."

"ரொம்ப நன்றி டாக்டர்," என்றது புலி. வாயை மூடியது.

மரத்தின் உச்சியிலிருந்து நாகலிங்கம் எல்லாவற்றையும் பார்த்தது. பிறகு பக்கத்துக் காட்டுக்குப் போய், கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னது. ஒவ்வொரு முறையும் கதையின் கடைசிப் பகுதியில் அதன் குரல் உடைந்துவிடும்.

"ஓடையில போய் வாயைக் கொப்புளிச்சுது. திரும்ப வந்து, கிளினிக் கடிகாரத்துக்கு எதிர்ல உக்காந்து, சரியா அரை மணி நேரம் காத்திருந்துது. அப்புறம் பிரஷ்ஷை எடுத்து, ரெண்டு நிமிஷம், சின்னச் சின்ன வட்டமா... டாக்டரம்மா பாத்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க."

*

நீதி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பார்ப்பது பல்லுக்கு நல்லது. வெறும் வயிற்றோடு பார்ப்பது இன்னும் நல்லது.