அம்மன் காலடியில் ரெண்டு பொட்டலம்

"பையன் யாரு? சொல்லிப்போடு கண்ணு," என்றாள் சசிகலா. வந்த மாப்பிள்ளையையெல்லாம் வேண்டாமென்றால் தாய் வேறென்ன நினைப்பாள்?

"யாருமில்லம்மா. எனக்கு யார் மேலயும் அந்த நெனப்பே வர்றதில்ல."

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மேகலா எல்லாரோடும் சிரித்துப் பேசுவாள். காதல் மட்டும் அவள் இலையில் விழாத பதார்த்தம்.

சசிகலாவின் முகம் மலர்ந்தது. "காதலே வராதா? இப்படிப் புள்ளை எவளுக்குக் கெடைக்கும்!"

அடிவாரத்து மாப்பிள்ளை வீட்டுக்கு உடனே போன் பறந்தது. அவர்களுக்கும் நொம்ப சந்தோஷம். வெள்ளிக்கிழமையே நிச்சயம்.

பதறிப்போன மேகலா, காதல் நாட்டமே இல்லாதவர்களைச் சொல்லும் 'அரோமாண்டிக்' என்ற வார்த்தையைப் போனில் காட்டினாள். "இது சீக்கில்லம்மா. சில பேரு இப்படித்தான். எனக்கு ஒரு கொறையுமில்ல."

வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுச் சுகுணாவின் காது இருந்தது. பொழுது சாய்வதற்குள் வெள்ளக்கடை ஊர் முழுக்க மேகலாவுக்கு ஏதோ வாயில் நுழையாத வியாதி. வீட்டுக்கு வீடு கஷாயம் வந்தது. அவள் கீழே கொட்டினாள். "முத்திப்போச்சுங்க," என்றாள் சுகுணா.

"அம்மன்கிட்டயே பூ கேட்டுடலாம்," என்றாள் சசிகலா. "செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு பொட்டலம் மடிச்சு வெச்சு, ஒண்ணை எடுப்போம். செவப்பு வந்தா கல்யாணம். வெள்ளை வந்தா உன் இஷ்டம்."

அலுத்துப்போய்ச் சரியென்றாள் மேகலா. வெள்ளிக்கிழமை காலை சமையலறையை எட்டிப் பார்த்தால், அம்மா மடிக்கும் இரண்டு இலைப் பொட்டலத்திலும் சிவப்பு அரளி! சொன்னால் எவர் நம்புவார்? சாமி குத்தம் என்பார்கள். கதை முடிந்தது என்று பின்னாலேயே நடந்தாள்.

கல்யாணமே கட்டாத பூசாரி வேடியப்பன், தட்டை உள்ளே வாங்கிப்போய்ப் பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்தார். மாப்பிள்ளை வீட்டாரோடு ஊரே கூடியிருந்தது.

"நானே எடுக்கறேனுங்க," என்று கைநீட்டினாள் சசிகலா. பத்திரிகையே அடித்துவிட்டவள் போல ஒரு தெம்பு!

பிரித்தாள். வெள்ளை அரளி.

"அதெப்படி? நான் ரெண்டுலயும்..."

ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சசிகலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மன் வாக்குங்க! இனி அந்தப் புள்ளைய எவனாச்சும் தொந்தரவு பண்ணிப் பாருங்க!" என்று முதலில் கூவியவளே சுகுணாதான். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸுக்கு நடையைக் கட்டினார்கள். மேகலா அடித்த கோயில் மணி கொட்டச்சேடு கிராமம் வரை கேட்டிருக்கும்.

திருநீறு கொடுக்கையில் வேடியப்பன் குனிந்து கிசுகிசுத்தார்:

"எனக்குப் பூ கேட்டப்ப எங்கம்மாளும் ரெண்டுலயும் செவப்புதான் வெச்சாங்க கண்ணு, அன்னைக்கு நானே வெள்ளையா மாத்தி வெச்சதுலருந்து, மடியில வெள்ளைப் பூ இல்லாம நான் கோயிலுக்கே வர்றதில்ல."