மாமனாருக்கு நான் பிடித்துத் தந்த கௌதாரி

விருந்துச் சாப்பாட்டில் ஆபத்தானது எண்ணெயோ நெய்யோ அல்ல. வயிறு நிறைந்ததும் நாக்கு நீளுமே, அதுதான். என் நாக்கு நீண்டது கல்யாணமான மூன்றாவது வெள்ளிக்கிழமை.

கல்யாணத்துக்குப் பின் ஐந்து வெள்ளிக்கிழமை பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு ஜும்மகி விருந்து வைப்பது எங்கள் வழக்கம். மயிலாப்பூரில் மாமனார் வீட்டில் இரண்டாம் தடவை பிரியாணி வாங்கிக்கொண்டே, "எப்பவும் ஆட்டுக்கறிதானா மாமா? அடுத்த வாரம் நானே கண்ணி வெச்சுக் கௌதாரி புடிச்சாறேன்" என்றேன். (அதுவரை நான் பிடித்தது ஜலதோஷம் மட்டும்.)

என் மனைவி ஜைபுன் அதை நம்பிவிட்டாள். வினை அங்கேதான். "தெருவெல்லாம் சொல்லிட்டேங்க. வெறுங்கையோட வந்தீங்கன்னா என் மானமே போயிடும்" என்றாள். மூன்று வார மனைவி அப்படிக் கேட்டால் சிங்கத்தையே பிடிக்கத் தோன்றும்.

கண்ணிக்குக் குதிரைவால் மயிர் வேண்டும். எதிர்வீட்டு ஜட்காக் குதிரையின் பின்னால் நான் கத்தரியோடு நின்றதை வண்டிக்காரர் முனுசாமி பார்த்துவிட்டார். "இன்னா நைனா, குதிரைக்கு மொட்டையே அட்ச்சிடுவே போலக்கீதே!"

மயிரைத் தொடையில் வைத்து முறுக்கிச் சுருக்குப் போட்டு, மூங்கில் குச்சிகளில் கட்டினேன். நடுவில் பழக்கிய கௌதாரியைக் கூண்டோடு வைத்து, சுற்றிலும் குச்சிகளை நட வேண்டும். அது கூவினால் காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடிவந்து சுருக்கில் காலை விட்டுக்கொள்ளும். மாமனாரின் செல்லக் கௌதாரி சுல்தானை இரவல் கேட்டேன். மகளைக் கொடுத்தபோது கலங்காத மனிதர், கூண்டைக் கொடுத்தபோது கலங்கினார். "பத்ரம் மாப்ளே. இவன் எம்புள்ள மாதிரி."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாம்பலம் போனேன். ஏரியைத் தூர்த்துத் தெருக்களுக்குக் கல் நட்டிருந்தார்கள். வீடுகள் இன்னும் வரவில்லை. வரப்போகும் யாரோ ஒருவரின் வீட்டுக் கூடத்தில் கண்ணி வைத்தேன். கூண்டைத் திறந்து சுல்தானுக்கு ஒரு பிடி கறையான் போட்டுவிட்டு, யாரோ ஒருவரின் படுக்கையறையில் புல்மேல் மல்லாந்தேன். மேகங்கள் அவசரமில்லாமல் போயின. காற்றில் ஈரமண் வாசனை. சுல்தான் கூவியது கொஞ்சம் கொஞ்சமாக ஜைபுன் பேசுவதுபோல் கேட்டது. பிறகு அவளும் நானும் அந்த வீட்டில் குடியிருந்தோம். ஜன்னலுக்கு ஜன்னல் கௌதாரி வந்து, "என்னைப் பிடியுங்கள்" என்று கெஞ்சியது. நான் பெருந்தன்மையாக வரிசையில் நிற்கச் சொன்னேன்.

சிறகடிக்கும் சத்தத்தில் விழித்தேன். கண்ணியில் ஒரு கௌதாரி! துள்ளிக் குதித்து அதைப் பையில் போட்டு, அவசரமாகக் கூண்டுக்குத் துணியுறையை மாட்டித் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் கூண்டில் சத்தமே இல்லை. சுல்தான் தன் இனத்துக்காகத் துக்கம் காக்கிறது என்று நினைத்து, மரியாதைக்காக ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. உள்ளே மசாலா அரைத்து முடிந்திருந்தது. மாமனார் கத்தியோடு மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திரும்பி, பறவையைக் கையில் வாங்கினார். அது அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு உரிமையோடு அவர் சட்டைப்பையில் மூக்கை விட்டுக் கம்பு பொறுக்க ஆரம்பித்தது.

கத்தி கீழே விழுந்தது. மாமனார் கூண்டின் உறையைத் தூக்கினார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு கறையான்கள் மட்டும் நிம்மதியாக நடந்துகொண்டிருந்தன.

"மாப்ளே," என்றார் மெதுவாக, "என் ஊட்டுக் கௌதாரிய என் ஊட்டுக்கே புடிச்சாந்துகீறீங்க."

தெரு சிரித்தது. நான் ஜைபுனைப் பார்த்தேன். முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அழவைத்துவிட்டோமே என்று செத்துப்போனேன். முக்காடு விலகியதும்தான் தெரிந்தது, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். எனக்கு உயிர் வந்தது. அரைத்த மசாலா முட்டைக்குப் போயிற்று.

வருஷங்கள் ஓடி, எங்கள் மகளுக்கும் கல்யாணமாகி முதல் ஜும்மகி வந்தது. புது மாப்பிள்ளை திருப்தியாகச் சாப்பிட்டு, "மாமா, அடுத்த வாரம் நானே..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் ஜைபுன் எழுந்து போய், முற்றத்தில் தொங்கிய எங்கள் கிளிக்கூண்டை உள்ளே எடுத்துவைத்துக் கதவைத் தாழிட்டாள்.