சிறுத்தை வீட்டு வெள்ளைத் தரை

ஒரு காட்டில், 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று வனத்துறை பலகை வைத்து, அந்தப் பலகைக்கு அடியிலேயே எல்லோரும் போய்வந்துகொண்டிருந்த ஒரு காட்டில், நூலழகன் என்ற தூக்கணாங்குருவி இருந்தது. வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் உள் அலங்காரம் செய்து கொடுப்பது அதன் தொழில். நகரத்தில் ஒரு டிசைன் கல்லூரி வாசலில் இருந்த ஈச்சமரத்தில் சில காலம் தொங்கிவிட்டு வந்ததால், காட்டில் அதற்குப் படித்த குருவி என்று பெயர்.

"வீடுன்னா வெறும் சுவரும் கூரையும் இல்லீங்க. உள்ள இருக்கிறவரோட குணம் அதுல தெரியணும்" என்று அது எல்லோரிடமும் சொல்லும். வேலையைத் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: "உங்க குணம் என்னங்க?"

இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். கரடி, தனக்குச் சாப்பாட்டில் பற்றே கிடையாது என்றது. குருவி அதற்குச் சமையலறை இல்லாத வீடு கட்டிக் கொடுத்தது. கரடி அன்றுமுதல் மூன்று வேளையும் பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறது. குரங்கு, தான் ரொம்ப நிதானப் பேர்வழி என்றது. அதற்குக் கண்ணாடி மேஜை, கண்ணாடி அலமாரி, கண்ணாடிக் கதவு எல்லாம் வந்தன. அவை உடைந்து முடிந்ததும் குரங்கு பழையபடி மரத்துக்கே போய்விட்டது. ஆனாலும் இரண்டு பேரும் குருவியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொன்னால், தாங்கள் சொன்ன குணம் பொய் என்று ஆகிவிடும். இப்படித்தான் குருவிக்குத் தொழிலில் நல்ல பெயர் வந்தது.

அந்தக் காட்டில் குளம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குளத்துக் கமிட்டிக்குத் தாண்டவராயன் என்ற சிறுத்தை புதிதாகத் தலைவரானது. எதிர்த்து நிற்க வேண்டிய மான், மனுத் தாக்கல் செய்யப் போன வழியில் காணாமல் போய்விட்டதால் போட்டியின்றித் தேர்வு. தலைவர் என்றால் நாலு பேர் வந்து போவார்கள். முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் வீடு என்று ஒன்று கட்ட வேண்டும். குருவிக்கு ஆள் போனது.

"உங்க குணம் என்னங்க தலைவரே?" என்று குருவி கேட்டது.

சிறுத்தை கண்ணை மூடி யோசித்தது. "சாந்தம்" என்றது. "அடிப்படையில நான் ரொம்ப சாந்தமான ஆளு தம்பி. பார்க்கிறவங்களுக்குத்தான் அது தெரிய மாட்டேங்குது."

குருவி சிறுத்தையின் பல்லைப் பார்த்தது. பிறகு தன் பிழைப்பைப் பார்த்தது. "தெரிய வெச்சிடலாங்க" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தது.

சுவர்களுக்கு இளம்பச்சை அடித்தது. ஒரு மூலையில் சலசலவென்று தண்ணீர் விழ ஒரு சின்ன ஊற்று வைத்தது. சுவர் ஓரமெல்லாம் பெரிய பெரிய மண்தொட்டிகளில் பசும்புல் வளர்த்தது. வாசல் கதவை யானை நுழைகிற அகலத்துக்குப் போட்டது. எலும்பு போட்டுவைக்க ஓர் இடம்கூட இல்லை. சாந்தமானவருக்கு எலும்பு எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபீஸிலிருந்து படுக்கையறை வரை தரை முழுக்க வெள்ளைக் கல் பதித்து, முகம் பார்க்கிற மாதிரி இழைத்திருந்தது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கணுங்க" என்றது குருவி. "வெள்ளைக் கல்லு. கறை பட்டா உறிஞ்சிக்கும், தலைகீழா நின்னாலும் போகாது. நகம் பட்டா கீறல் விழும். அப்புறம் மொத்தத்தையும் பேர்த்துதான் போடணும்."

சிறுத்தை குனிந்து பார்த்தது. தரைக்குள்ளிருந்து ஒரு சாந்தமான முகம் அதைப் பார்த்தது. அந்த நிமிடத்திலிருந்து அதற்குத் தரையென்றால் உயிர். நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நடந்தது. பூச்சு வேலைக்கு வந்த எறும்புகளைக்கூட வாசலில் நிறுத்தி, "காலைத் துடைச்சிட்டு வா" என்றது.

அடுத்தது கிரகப்பிரவேசம். புது வீட்டுக்குள் முதலில் ஒரு பசு நுழைய வேண்டும் என்பது வழக்கம். அதை யாராலும் மீற முடியாது, சிறுத்தையாலும் முடியாது. தவிர, தலைவரானதிலிருந்து அது பட்டினி. கமிட்டிக்காரர்கள் கண்ணெதிரே யாரையாவது தின்றால் பேர் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. பசு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அதற்கு நம் பழைய வழக்கங்களின் மேல் மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

காட்டோரத்தில் வடிவாம்பாள் என்ற பசு இருந்தது. கிரகப்பிரவேசங்களுக்குப் போய்வருவதுதான் அதன் தொழில். நெற்றியில் மஞ்சள், கழுத்தில் மாலை, வீட்டுக்குள் ஒரு சுற்று, வெளியே வந்தால் ஒரு கட்டு அகத்திக்கீரை. மரியாதையான பிழைப்பு. சிறுத்தையின் அழைப்பு வந்ததும் அது கணக்குப் போட்டுப் பார்த்தது. போகாவிட்டால் குளத்தில் வாய் வைக்க முடியாது. போனால் வாயே இருக்காது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாகத்தான் இருக்கிறது. "தாகத்துல சாகிறதுக்கு நாள் ஆகும், சிறுத்தைகிட்ட சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அது கிளம்பியது.

காலையில் கூட்டம் நன்றாகத்தான் சேர்ந்தது. "அடேயப்பா! தலைவரோட மனசு மாதிரியே இருக்குய்யா தரை" என்றது கரடி, பாயசத்தை இரண்டாவது முறை வாங்கிக்கொண்டே. உள்ளே போன பசு சாணி போட்டால் வீட்டுக்கு லட்சுமி வந்த மாதிரி என்பார்கள். அதற்காகக் கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். பசு பயத்தில் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு நின்றது. சிறுத்தை வீட்டுக்கு லட்சுமி வருவதில் வந்தவர்களுக்கும் பெரிய அக்கறை இல்லாததால் பாயசம் தீர்ந்ததும் கலைந்துவிட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டுச் சிறுத்தை திரும்பியது.

"வடிவாம்பா, கொஞ்சம் நில்லு."

பதுங்கிப் பாய்வதற்காக அது நகத்தை வெளியே நீட்டியது. 'கிரீச்' என்று ஒரு சத்தம். சிறுத்தை பதறிப்போய் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கீறல் விழுந்ததா என்று குனிந்து தேய்த்துப் பார்த்தது. விழவில்லை. மறுபடியும் பதுங்கியது. மறுபடியும் குனிந்து பார்த்தது.

பசு இதைக் கவனித்தது. வீடு வீடாகப் போய்வந்த பசு அது. புது வீட்டுக்காரர்களின் முகத்தை அதைவிட நன்றாகப் படித்தவர்கள் அந்தக் காட்டில் கிடையாது.

"தலைவரே, தப்பா நினைக்கக் கூடாது" என்றது பசு. "பயம் வந்தா எனக்கு வயிறு நிக்காதுங்க." வாலை மெல்லத் தூக்கியது.

"ஐயையோ, தரை!" என்று சிறுத்தை அலறியது. "பயப்படாதே தாயி! உன்னை யாரு பயமுறுத்தினது? நான் சாந்தமான ஆளு, ஊரே சொல்லுது!"

"பல்லைப் பார்த்தா கலக்குதுங்க."

சிறுத்தை முன்னங்காலால் வாயைப் பொத்திக்கொண்டது. பொத்தியபடியே யோசித்தது. அடித்தால் ரத்தம் தெறிக்கும். கழுத்தை நெரித்தால் பின்பக்கம் சாணி. இழுத்துக்கொண்டு போனால் கொம்பு கீறும். கடைசியில் குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னது: "அகத்திக்கீரை வாசல்ல வெச்சிருக்கேன். வாயேன், வெளியே போய்ப் பேசலாம்."

"வெளியே என்ன தரைங்க?"

"மண்ணுதான்."

"அப்ப நான் இங்கேயே இருந்துக்கறேங்க" என்றது பசு.

இருந்துகொண்டது. தொட்டிப் புல்லை மேய்ந்தது, ஊற்றுத் தண்ணீரைக் குடித்தது, மண்தொட்டி பார்த்து மட்டும் சாணி போட்டது. புல் இன்னும் செழிப்பாக வளர்ந்தது. சிறுத்தை கதவைத் திறந்துபோட்டுவிட்டு, வாசலுக்கு எதிரே, குளத்துக்குப் போகும் பாதையோரம் இருந்த முட்புதரில் உட்கார்ந்து, பசு எப்போது வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தது. வரவில்லை. வயிற்றுக்காக அவ்வப்போது பாதையில் போகிறவர்களைப் பிடித்துத் தின்றது. புதரின் தரை மண் என்பதால் அங்கே யோசிக்க ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அந்தப் பக்கம் பறந்த குருவியைச் சிறுத்தை கூப்பிட்டுக் கத்தியது. "என் குணத்துக்கு ஏத்த வீடுன்னு சொன்னியேடா! இப்ப அதுல யாரு குடியிருக்கா பாரு!"

"நீங்க சொன்ன குணத்துக்குத்தாங்க கட்டினேன். அந்தக் குணம் உள்ளவங்க வந்து உட்கார்ந்துட்டாங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றது குருவி.

"அப்ப என் குணத்துக்கு ஏத்த வீடு எங்கேடா?"

குருவி புதரை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. இருட்டு, முள், எலும்பு, பாதைக்கு ஒரே பாய்ச்சல். "அதுலதானே இருக்கீங்க. ஒண்ணும் மாத்த வேண்டாங்க, அப்படியே பொருந்தியிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் பறந்துபோனது.

தலைவரைப் பார்க்க வந்தவர்கள் திறந்த வாசலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைத் தரையில் பசு ஒன்று சாந்தமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. குறைகளை அதனிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். அது தலையை ஆட்டியது. நாளடைவில் எல்லோரும் அதையே தலைவர் என்றார்கள். அதுவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு நாள் மருதாயி என்ற பெண்மான் ஓடி வந்தது. மனுத் தாக்கலுக்குப் போய்க் காணாமல் போன மானின் மனைவி அது.

"தலைவரம்மா, அன்னைக்கு என் வீட்டுக்காரர் போனாரு. நேத்து தண்ணி குடிக்கப் போன என் கொழுந்தனாரும் திரும்பலை. உங்க வாசலுக்கு எதிர்லயே அந்தப் பாவி உட்கார்ந்திருக்கான். நாளைக்கு என் பிள்ளைங்க அந்த வழியாத்தான் போகணும். குளத்துக்கு வேற பாதை வெட்டச் சொல்லுங்கம்மா. இல்லைன்னா அதுங்களை இங்க, உங்க வீட்டுக்குள்ள, ஒரு ஓரமா விட்டுக்கங்க."

வடிவாம்பாள் ஒரு வாய்ப் புல்லை மென்று முடித்தது.

"அப்படியா? உள்ள இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியலையே" என்றது. பிறகு கழுத்தை நீட்டி, மானின் குளம்புகளைப் பார்த்தது. "அது கிடக்கட்டும். காலைத் துடைச்சியா?"

நீதி: கொடியவரின் மனசாட்சியை நம்பாதே, அவர் வீட்டுத் தரையை நம்பு. அதுவும் உள்ளே உனக்கு இடம் கிடைத்திருந்தால்.