டெல்ஃபினின் இரண்டாம் பக்கம்

ஹோஸியா பெட்வே தன் வாழ்நாளில் ஒரே ஒரு இசைத்தட்டைத்தான் ஆணியால் கீறியிருக்கிறார். முப்பத்தெட்டு வருஷமாகத் தன் குடித்தனத்தைக் காப்பாற்றி வருவது அந்தக் கீறல்தான் என்று நம்பிக்கொண்டும் இருந்தார்.

டெல்ஃபின் ரக்கர் என்ற பாடகியின் சோல் இசைத் தட்டு அது. டெல்ஃபின் ஒழுங்காகப் பாடிவிட்டுப் போகிறவள் அல்ல. பாட்டை நடுவில் நிறுத்திவிடுவாள். பின்னால் ஆர்கன் வாத்தியம் முனகிக்கொண்டிருக்கும். "பொம்பளைங்களா, இப்படி வாங்க, கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பிப்பாள். டஸ்கம்பியா ஊர்ப் பெண்கள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சொல்லு தாயி" என்பார்கள். ஆண்கள் காரில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வெளியே போய்விடுவார்கள்.

பிறந்தநாளுக்கு அந்தத் தட்டுதான் வேண்டும் என்று கேட்டவள் அவர் மனைவி லூவீனியா. பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்தாள். ஹோஸியா முதலில் தானே போட்டுக் கேட்டார். இரண்டாம் பக்கத்தில் டெல்ஃபின் ஒரு மெக்கானிக்கைப் பற்றிப் பேசினாள். ஹோஸியாவும் மெக்கானிக். ஆற்றுக்கு அக்கரையில் அவருக்கு அப்போது ஒரு சிநேகிதி வேறு இருந்தாள். வியர்த்துவிட்டது. ஆணியை எடுத்தார். அதன்பின் ஊசி அந்தப் பேச்சைத் தாண்டிக் குதித்து நேரே பாட்டில் போய் விழுந்தது.

ஊரில் இன்னும் நூறு வீட்டில் அதே தட்டு கீறாமல் இருக்கிறதே என்பது அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த வசந்தத்துக்குள் அக்கரை உறவை அவரே விட்டுவிட்டார். கீறல் மட்டும் நிலைத்தது.

இந்தச் சனிக்கிழமை, கல்யாண நாள் பரிசாக பர்மிங்காமில் இருந்து மகள் அதே பாட்டின் புதுத் தட்டு அனுப்பியிருந்தாள். லூவீனியா பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஹோஸியா சட்டென்று பழைய தட்டைப் புது உறைக்குள் செருகினார். புதுத் தட்டு கட்டில் மெத்தைக்கு அடியில் போயிற்று.

லூவீனியா வந்து போட்டாள். ஊசி குதித்தது.

"ஹோஸியா, இது புதுசுதானே?"

"உறையைப் பாரேன், கண்ணு. வெயில்கூடப் பட்டதில்ல."

"அப்ப ஏன் அதே இடத்துல குதிக்குது?"

"பழைய அச்சுலயே அடிச்சிருப்பான். இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா வேலை செய்யறான்?"

"ஆமா. என் பீச் ஜாம் கறையையும் சேர்த்து அடிச்சிருக்கான் பாரு."

ஹோஸியா தட்டின் நடுவில் ஒட்டியிருந்த கறையைப் பார்த்தார். லூவீனியா ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பொம்பளைங்களா," என்று ஆரம்பித்தாள். டெல்ஃபினின் அதே இழுவை. "நாள் முழுக்க இன்ஜினுக்கு அடியில கிடக்கிறவன், வெள்ளிக்கிழமை மட்டும் நகம் பளபளன்னு வீட்டுக்கு வந்தா, எங்க கை கழுவினேன்னு கேக்காதீங்க. கோழியைப் பொரிச்சு வைங்க. அவன் சட்டையை மடிச்சுப் பெட்டியில போட்டு, கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. வசந்தத்துல டாக்வுட் மரம் பூக்கிற வரைக்கும் கெடு வைங்க."

ஒரு சொல் பிசகவில்லை. ஹோஸியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இதை எங்க கேட்டே?"

"நான் எங்க கேட்டேன்? நான்தானே சொன்னேன். ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் டெல்ஃபின் என் கடைக்குத்தான் வந்தா. அவ முடியை நேராக்கச் சூடு சீப்பு போட்டுக்கிட்டே புலம்பினேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா."

ஹோஸியா உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் அவர் ஓர் ஆணியை நம்பியிருந்தார். அவள் அவரை நம்பியிருந்தாள்.

"அப்புறம் ஏன் வெளியே போன்னு சொல்லல?"

"மார்ச் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, கையெல்லாம் கிரீஸோட வந்தே. என் புது டவலை நாசம் பண்ணினே. அதைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அழுதேன். சந்தோஷத்துலதான்."

ஹோஸியா படுக்கையறைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தது. கந்தல் துணிப் பெட்டி என்றே நினைத்திருந்தார். திறந்தால் ஆறு சட்டைகள். கொடியிலிருந்து காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதாக அவள் அன்று சொன்ன சட்டைகள். ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"இதை இன்னுமா பிரிக்கல, லூவீனியா?"

அவள் சட்டையை வாங்கி அவர் தொப்பைமேல் வைத்து அளந்தாள்.

"நல்லவேளை எடுத்தே. இதுல ஒண்ணும் இப்ப உனக்குப் பத்தாது. இன்னைக்கே வேற ஆறு மடிச்சு வைக்கணும்."