மீட்டர் அண்ணையும் கடலுக்குள் போன சாலையும்

பூமி உருண்டை என்று சொன்னால், "சுத்திப் பாத்தீரோ?" என்று கேட்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் ஆக்லாந்தில் எனக்குப் பக்கத்து மேஜையில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் இருந்த நாலைந்து தமிழர்களுக்கும் அவர் மீட்டர் அண்ணை. மன்னார்க்காரர். யார் எந்தத் தூரத்தைச் சொன்னாலும் நம்பமாட்டார். தானே போய் அளந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

கிளென்ஃபீல்டில் நண்பர் ஒருவர் வீடு வாங்கிப் பால் காய்ச்சினார். "மாலுக்கு நடந்தே போயிரலாம், அஞ்சே நிமிஷம்" என்று அவர் பெருமையடித்து வாய் மூடவில்லை, அண்ணையைக் காணோம். கேசரி ஆறிப்போய், எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வியர்த்து வழிய வந்து நின்றார்.

"தம்பி, போகேக்கை பதினேழு நிமிஷம். வரேக்கை ஏத்தம், இருபத்தி மூண்டு. வீட்டை வித்தவன் உம்மை நல்லா ஏமாத்திப் போட்டான்."

நண்பரின் மனைவி அழாத குறை. முப்பது வருட மார்ட்கேஜ் தலையில் ஏறிய வீட்டில், முதல் நாளே இப்படியா வாழ்த்துவது!

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த வேலையும் தூரம் பார்க்கிற வேலைதான். வடக்குக் கோடியில் ஒதுங்கிக் கிடக்கும் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்க உதவி உண்டா இல்லையா என்று முடிவு செய்வது எங்கள் ஆபீஸ். பள்ளிக்கூடம் டவுனிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருந்தால் பிள்ளைகளை ஏற்றிவர வேன் கிடைக்கும். உள்ளே இருந்தால் பட்டை நாமம்தான். தூரத்தைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். அந்த வழியில் நிஜமாகவே போகமுடியுமா என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டு நாங்கள் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் இரண்டாவது கையெழுத்துப் போடுவார்.

அண்ணை ஒவ்வொரு போனுக்கும் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். மழைக்குப் பாலம் மூழ்குமா, வளைவு எத்தனை, மாடு குறுக்கே வருமா என்று குடைந்து எடுப்பார். நான் கிண்டல் செய்வேன்.

"அண்ணே, ஸ்கூலுக்கு வழி கேக்குறீங்களா, சம்பந்தம் பேசுறீங்களா?"

"சிரியும், சிரியும். வடக்கு எண்டால் உமக்கு மேப்பிலை மேலை இருக்கிற ஒரு மூலை. நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கும் கொழும்பிலை இருந்து ஆரோ பேப்பரிலைதான் தூரம் பாத்தவங்கள்."

அவர் மேஜையில் பைல் மலைபோல் குவியும். என் மேஜை துடைத்துவிட்டதுபோல் இருக்கும். ரகசியம் ஒன்றுமில்லை. நான் யாருக்கும் போன் செய்ததே இல்லை. டிக், டிக், டிக், அவ்வளவுதான். ஒருநாள் ஒரு பைலில் கையெழுத்துப் போடும்போது அண்ணை பேனாவை நிறுத்தினார்.

"இந்த றோட்டு கடற்கரையை ஒட்டிப் போகுதே. போன் பண்ணிக் கேட்டனீரோ?"

"ஆமாண்ணே, பேசிட்டேன். நல்ல ரோடுதானாம்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

எதையும் அளக்காமல் நம்பாத மனிதர், என் பேச்சை மட்டும் அளக்காமல் நம்பிக் கையெழுத்துப் போட்டார். வேன் கிடையாது என்று கடிதம் போய்விட்டது.

அடுத்த மாதம், மிக வேகமாக பைல் முடிக்கிறவன் என்று என்னைப் பாராட்டி மேனேஜரம்மா மார்னிங் டீ வைத்தார். வெள்ளைக்கார அம்மாள், தன் கையாலேயே கேரட் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். அண்ணை இரண்டு நாளாக லீவில் இருந்தார். நான் இரண்டாவது துண்டைக் கடித்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முழங்கால்வரை உப்புப் பூத்த பேன்ட், ஷூ நிறைய மணல்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, கடிதத்தில் இருந்த இரண்டாவது கையெழுத்தைப் பார்த்து அவருக்குப் போன் செய்திருக்கிறார். பதினொரு பிள்ளைகள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். மனுஷன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மேப் காட்டிய சாலை ஓர் ஆற்று முகத்துவாரத்தின் மணல்மேல் போகிறது. கடல் வற்றினால் சாலை, ஏறினால் கடல். அண்ணை போனபோது ஏறியது. ஊர்க்காரர்கள் டிராக்டர் கட்டி இழுத்ததில் அண்ணை பிழைத்தார், கார் பிழைக்கவில்லை. மலையைச் சுற்றி வரும் ஒழுங்கான வழி இரண்டு மடங்கு தூரம்.

மேனேஜரம்மா பைலைப் புரட்டினார். "பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தது யார்?"

என் வாய் நிறையக் கேக். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அண்ணை என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில், "இரண்டாவது கையெழுத்து என்னுடையது. நான்தான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கேக் கரைந்து போன பிறகும் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வேன் கிடைத்துவிட்டது. அண்ணையின் ஒப்பந்தத்தை மட்டும் ஆபீஸ் நீட்டிக்கவில்லை. கவனக்குறைவாம். ஏவன்டேலில் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். 

"உம்மடை பி.ஆர். பேப்பர் இமிகிரேஷனிலை கிடக்கு. இப்ப ஒரு கரும்புள்ளி விழுந்தால் குடும்பத்தோடை பெட்டி கட்டவேணும். பேசாமல் இரும். தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

குடித்தேன். பேசாமலும் இருந்தேன். இங்கே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். வந்தது, பக்குரங்காவில் வீடு வந்தது. இப்போது இதைத் தைரியமாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மேனேஜரம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியம்தான். தூ என்று இருக்கிறது எனக்கே.

அண்ணை இப்போது அந்த வடக்குக் கோடியில் அதே வேனை ஓட்டுகிறார். போன வாரம் போன் செய்தார்.

"தம்பி, எங்கடை வேனை ஆர் தந்தது எண்டு பிள்ளையள் கேட்டினம். ஆபீஸிலை ஒரு கெட்டிக்காரத் தம்பி இருக்கிறார், அவர்தான் எண்டு உம்மடை பேரைச் சொல்லிப் போட்டன். பதினொரு பேரும் உமக்கு நன்றி சொல்லிக் கார்ட் கீறி வச்சிருக்கினம். ஒருக்கா வந்து முகத்தைக் காட்டுமன்."

அங்குலம் பிசகாமல் பேசுகிற மனிதர், எனக்காகப் பிள்ளைகளிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறார். போனை வைத்துவிட்டேன்.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள். திங்கட்கிழமை மேனேஜரம்மாவிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன். உங்கள் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.