கட்டைவிரலைப் பிடித்து இழுப்பவர்

விரல் இழுப்பவர் என்றொரு இனம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில், காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள காலி கிரவுண்டில் கம்பெனிகளுக்கிடையே டென்னிஸ் பந்து மேட்ச் நடக்கும்போது போய்ப் பாருங்கள், நிற்பார். எந்த அணியிலும் அவர் பெயர் இருக்காது. ஆனால் எவனாவது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், டீ கிளாசை அப்படியே போட்டுவிட்டு அவர் ஓடிவரும் வேகம் இருக்கிறதே, எந்த அணியின் ஓப்பனரும் அப்படி ஓடியதில்லை.

படிப்பு? வெல்டர் சர்டிபிகேட். அனுபவம்? இருபது வருடத்துக்கு முன் அவருடைய சுண்டுவிரலில் பட்ட ஒரு பந்து. விரல் தானாகவே சரியானது. தான்தான் சரிசெய்ததாக அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊர் இழுப்பவர் ஆதிநாராயணன். அவர் கையில் அகப்பட்டவன் சாலமோன். வால்வு கம்பெனியில் ஆறு வருடமாக கான்ட்ராக்ட் ஃபிட்டர். கேட்ச்சுக்குப் பாய்ந்து விழுந்தபோது வலது கட்டைவிரல் தரையில் ஊன்றி வெளிப்பக்கமாக வளைந்தது, அடிப்பகுதி வீங்கிவிட்டது. அடுத்த மாதம் அவனுக்குப் பர்மனென்ட் ஆவதற்கான செய்முறைத் தேர்வு. கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் நட்டைப் பிடித்து முடுக்கிக் காட்ட வேண்டும்.

“அசைச்சிக் காட்டு. அசையுதுல்ல? அப்ப எலும்பு நல்லாகீது. நரம்பு மேல நரம்பு ஏறிக்கினுகீது, அவ்ளோதான்.”

“உயிரு போவுதுண்ணா. ஆஸ்பத்திரிக்கு…”

“அங்க போனா மாவுக்கட்டு போட்டு ஒக்கார வெச்சிருவாங்க. ஒரே இழுப்பு, சரியாப் பூடும்.”

இழுத்தார். சாலமோன் கத்திய கத்தலை அப்பீல் என்று நினைத்து அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். “எறங்கிச்சி பாத்தியா!” என்றார் ஆதிநாராயணன்.

ஐஸ் வைப்பது, விரலை அசையாமல் கட்டுவது, டாக்டரிடம் போவது, இதெல்லாம் இவர்கள் அகராதியில் பயந்தாங்கொள்ளித்தனம். எண்ணெய் போட்டு உருவுவதுதான் வீரம். உருவினார், தினமும், இரண்டு வாரம். சாலமோனுக்குச் சட்டைப் பொத்தானை மனைவி பிரின்சி போட்டுவிட்டாள். வண்டிச் சாவியை இடது கையால் திருப்பினான். வலி குறையாமல் போகவே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை. “நான் சொன்னன்ல?” என்று ஆதிநாராயணன் அந்தப் பிலிமைக் கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

கடைசியில் பிரின்சிதான் அவனைத் திருவள்ளூரில் எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இழுப்பு என்றால் அது இழுப்பு. டாக்டரம்மா கட்டைவிரலை மெல்லப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார். அது தடையே இல்லாமல் சாய்ந்தது.

“ஜவ்வு முழுசா அறுந்திருக்கு. எக்ஸ்ரேல ஜவ்வு தெரியாதும்மா. முதல்ல கொஞ்சமாத்தான் கிழிஞ்சிருக்கலாம், அசையாம கட்டு போட்டிருந்தாலே ஆறியிருக்கும். யாரு இதை இழுத்தது? இப்ப ஆபரேஷன்தான்.”

தேர்வு நாளன்று சாலமோனின் கை கட்டுக்குள் இருந்தது. நட்டைப் பிடித்துக் காட்டிய வேறொருவன் பர்மனென்ட் ஆனான். ஆறு வருடம்! எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆதிநாராயணனுக்கு? ரொட்டிப் பாக்கெட்டுடன் பார்க்க வந்தவர், போகும்போது சொன்னார்: “நான் பாதி எறக்கி வெச்சிருந்தேன். அந்த டாக்டரம்மா பூந்து பேஜாரு பண்ணிட்டாங்க.”

சரி, நீங்கள் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போதே, “உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்திருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்குமே” என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால் தயவுசெய்து சாலமோன் வீட்டுப் பக்கம் போகாதீர்கள். அவனுக்கு மிச்சம் ஒன்பது விரல் நன்றாக இருக்கிறது.