சயாமாவிடம் நான் சொன்ன ‘யாபாடே’

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன். உள்ளேயிருந்து என் மனைவி செல்லம்மாள் இருமுவாள். எடுத்த பேனாவை அப்படியே வைத்துவிடுவேன். போன வாரம் அவளே, “எழுதித் தொலைங்களேன். ஊர்ல ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க” என்று உத்தரவு கொடுத்துவிட்டாள். நான் அதிகம் படித்தவனில்லை. இங்கே பர்மாவில் இன்சீன் ரயில் பட்டறையில் இரும்பு தட்டி ஓய்வு பெற்றவன். எழுத்தில் பிழை இருந்தால் மாரியம்மா பொறுப்பாள், நீங்களும் பொறுக்க வேண்டும்.

செல்லம்மாளுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோன வருஷம் அது. அம்மன் புண்ணியத்தில் கால் ஓரளவு திரும்பியது. கை மட்டும் தோளுக்கு மேலே எழும்பவில்லை. அவளுக்கோ இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அதை அலசிவிட ஆள் இல்லை. மகன் மலேசியாவில். மருமகள் மீனா விடியுமுன் ஷ்வேப்யிதா தையல் ஃபேக்டரிக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். “நான் ஊத்தி விடுறேனே” என்று கேட்டுப் பார்த்தேன்.

“நீங்களா? ஒரு சட்டி கழுவத் தெரியுமா உங்களுக்கு? போங்க அந்தப் பக்கம்” என்றாள்.

வெட்கம்தான். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் என்னிடம் அவளுக்கு வெட்கம். ஒரு பெண்பிள்ளை வந்து தலைக்கு ஊற்றிவிட்டால் போதும் என்பாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அப்போதுதான் வார்டு ஆபீசில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் செலவில் பெரும்பங்கு ஏற்கிறது என்று சொன்னார்கள். இரண்டு வழி. வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கே ஆள் வந்து குளிப்பாட்டி, நடக்கப் பழக்கிவிட்டுப் போகும். இல்லையென்றால் பகல்நேர மையம். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், அங்கேயே சாப்பாடு, சாயந்தரம் வீட்டில் கொண்டுவந்து விடும். துணைக்கு ஒருவர் கூடப் போகலாம். ஒரு வீட்டுக்கு இரண்டில் ஒன்றுதான்.

எது நல்லது என்று நான் மாதக்கணக்கில் யோசித்தேன். (யோசித்தேன் என்பது மரியாதைக்கு. மையத்தில் கேரம் போர்டு இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன்.)

“மையத்துல உனக்கும் நாலு பேர் பேச்சுத் துணைக்குக் கிடைப்பாங்க, செல்லம்மா.”

“நீங்க கேரம் ஆடுறதுக்கு நான் வேன்ல ஏறணுமா?”

இதற்கு மேல் மனுஷர் தீர்ப்பு வேண்டாம் என்று கோவிலுக்குப் போனேன். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் வீட்டுக்கு ஆள், சிவப்பு வந்தால் மையம். வெள்ளை வந்தது. நான் சரியாகக் கும்பிடவில்லையோ என்று மறுபடி எடுத்தேன். வெள்ளை. இன்னொரு தடவை கை நீட்டியபோது பூசாரி, “அண்ணே, அம்மாவையே சோதிக்கிறீங்களா?” என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டு நேரே வார்டு ஆபீசுக்குப் போய், வீட்டுக்கு ஆள் வேண்டுமென்று பெயர் கொடுத்தேன்.

அம்மன் இவ்வளவு தெளிவாகக் கொடுத்ததை என் வாய் திருப்பி அனுப்பிய கதைதான் இனி.

ஆள் அனுப்புமுன் வீட்டைப் பார்க்க ஒரு சயாமா வருவார் என்றார்கள். (இங்கே டீச்சரம்மா, ஆபீசரம்மா எல்லாரும் எங்களுக்கு சயாமாதான்.) வருகிற நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டில் நோய்நொடியின் அடையாளம் கண்ணில் படலாமா? ஊன்றுகோலைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அவள் கக்கூசுக்கு உட்காரும் ஓட்டை போட்ட நாற்காலியைச் சேலையால் மூடி, அதன்மேல் பூச்சட்டி வைத்தேன். மாத்திரைகள் சாமிப்படத்துக்குப் பின்னால் போயின. செல்லம்மாளுக்குப் பட்டுச்சேலை. வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

சயாமா நல்ல மனுஷி. வாசலில் செருப்பைக் கழற்றி, சாமிப்படத்தைக் கும்பிட்டு உட்கார்ந்தார். பிறகு கேள்விகள்.

பர்மியத்தில் ‘யாபாடே’ என்று ஒரு சொல் உண்டு. ‘முடியும்’ என்றாலும் அதுதான். ‘பரவாயில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம்’ என்று பணிவாக மறுத்தாலும் அதுதான். பட்டறையில் மேலதிகாரி எது கேட்டாலும் யாபாடே சொல்லியே பென்ஷன் வரைக்கும் வந்து சேர்ந்தவன் நான்.

“ஆன்ட்டியால் படி ஏற முடிகிறதா?”

“யாபாடே, சயாமா.”

“தானாகச் சாப்பிடுவாரா?”

“யாபாடே.”

“குளிக்க யாராவது உதவ வேண்டுமா?”

வீட்டுப் பெண் குளிப்பதைப் பற்றி வெளியாள் ஒருவர் கேட்டதும் எனக்குக் காது சிவந்துவிட்டது. தரையைப் பார்த்தபடி, “யாபாடே, யாபாடே” என்றேன்.

செல்லம்மாளின் பர்மியம் கடைத்தெருவோடு சரி. ஆனால் இது புரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில், “கை தூக்க வரலைன்னு சொல்லுங்க!” என்றாள்.

“ஆன்ட்டி என்ன சொல்கிறார்?” என்று சயாமா கேட்டார்.

“லஃபெ இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள்” என்றேன். (தட்டில் தேயிலை ஊறுகாய் அப்படியே இருந்தது. வேறு என்ன சொல்வது?)

சயாமா சிரித்து, ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது, விருந்தாளிக்கு மரியாதை என்று செல்லம்மாள் மேசையைப் பிடித்து எப்படியோ எழுந்து நின்றுவிட்டாள். பட்டுச்சேலையில், தலைநிறையப் பூவோடு, மகாலட்சுமி மாதிரி.

“இந்த வயதில் இரண்டு பேரும் எவ்வளவு திடமாக இருக்கிறீர்கள்! அங்கிள், முடியாதவர்களுக்கு நீங்கள் கொஞ்சம் உதவலாமே?”

நான் என்ன சொன்னேன் என்று தனியாக எழுத வேண்டுமா?

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். செல்லம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடாக்கித் தயாராக வைத்திருந்தாள். வந்தவள் பையிலிருந்து பச்சை நிறச் சட்டை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். முதுகில் ‘தொண்டர்’ என்று பர்மிய எழுத்து. திங்கட்கிழமையிலிருந்து பின்தெருவில் ஒரு கிழவரை நான் குளிப்பாட்ட வேண்டுமாம்.

செல்லம்மாள் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஓடிப்போய் சயாமாவிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். “ஏன் அங்கிள் அன்றைக்கே சொல்லவில்லை? உங்கள் இடத்தை வேறு வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டதே. அடுத்த தடவை கட்டாயம் எழுதுகிறேன்” என்றார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்டதைத்தான் எழுதினார்.

அடுத்த தடவை வர இரண்டு மழைக்காலம் ஆனது. முதல் மழையிலேயே செல்லம்மாளின் முடி சிக்குப் பிடித்து, ஈரம் காயாமல் தலையெல்லாம் புண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனா லீவு போட்டு, அழுதுகொண்டே கத்தரியை எடுத்தாள். “வெட்டும்மா, பாரம் குறையட்டும்” என்றாள் செல்லம்மாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே போகத் தைரியமில்லை.

இப்போது வாரம் இரண்டு நாள் மா சான் என்று ஒரு நல்ல பிள்ளை வருகிறாள். முதல் நாள், மீனா மாதாமாதம் ஒட்ட வெட்டிவிடும் அந்தத் தலையைத் தொட்டுப் பார்த்து, “ஆன்ட்டி, இதில் அலச என்ன இருக்கிறது?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கோவிலில் பார்க்கிறவர்கள், “என்ன வேண்டுதலுக்கு அம்மா முடி இறக்கினீங்க?” என்று கேட்பார்கள். செல்லம்மாள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். “இவுக வாய் கொஞ்சம் அடங்கணும்னு வேண்டிக்கிட்டேன். முடிதான் போச்சு” என்பாள். வீட்டில் வந்து சொன்னாலும் எல்லாரும் சிரிப்பார்கள். மலேசியாவிலிருந்து போன் செய்யும் மகன்கூட, “அம்மா, அதைச் சொல்லுங்க” என்று கேட்டு வாங்கிச் சிரிக்கிறான். நானும் சிரிப்பேன்.

இதைப் படிக்கிறவர்கள், பெரியவர்கள் இருக்கிற நாலு வீட்டில் சொல்லுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். என்னைக் கேலி செய்யத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அவள் சொல்கிறாளே என்று அந்த வேண்டுதலைச் சேர்த்துவிடாதீர்கள். அவள் எந்த வேண்டுதலும் வைக்கவில்லை. அதை மட்டும் அப்படியே சொல்லுங்கள்.